முகங்களை மீட்ட மக்கள்

(சர்வதேச ரோமா தினமான ஏப்ரல் 8-ஐ ஒட்டி, ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று புகைப்படக் கண்காட்சிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கூலி உயர்வும் பஞ்சப்படியும் பேச வேண்டிய மேடையில் போட்டோவைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். இதுவும் உழைக்கிற ஜனங்களின் மானத்தைப் பற்றிய விஷயந்தான்.

நமக்கு இரண்டு வகைப் போட்டோ தெரியும். ஒன்று, போலீஸ் ஸ்டேஷன் பலகையில் தொங்குகிற போட்டோ. மற்றொன்று, கல்யாணத்தன்று நல்ல துணி உடுத்தி, ஸ்டூடியோவில் எடுத்து, வீட்டுச் சுவரில் மாட்டி வைக்கிற போட்டோ. முன்னதை மேலே இருப்பவன் நம்மைக் கண்காணிப்பதற்காக எடுக்கிறான். பின்னதை நாமே விரும்பி, நம் பிள்ளைகள் பார்ப்பதற்காக எடுத்துக் கொள்கிறோம். ஐரோப்பாவில் ஒரு ஜனசமூகத்தின் முகத்தைப் பல காலம் முதல் வகைப் போட்டோவில் மட்டுமே உலகம் பார்த்தது. இரண்டாம் வகைப் போட்டோவை அந்த மக்கள் போராடி உலகத்தின் முன் வைத்தார்கள். அந்தக் கதைதான் இது.

யார் இந்த ரோமா?

ஜிப்ஸிகள் என்று பிறர் ஏளனமாக அழைத்த மக்களே ரோமா மக்கள். ஜெர்மன் பேசும் பிரதேசங்களில் நெடுங்காலமாக வாழும் பிரிவினர் தங்களை ஸிண்டி என்கிறார்கள். ஐரோப்பாவில் இவர்கள் சுமார் 1 கோடி பேருக்கு மேல் இருக்கிறார்கள். இவர்களுடைய மூதாதையர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வட இந்தியாவிலிருந்து மேற்கே போனவர்கள். மொழியே இதற்குச் சாட்சி. அவர்கள் பாஷையில் ஒன்று என்பது ஏக், இரண்டு துய், மூன்று த்ரின். தண்ணீரைப் பாணி என்கிறார்கள். மனிதனை மனுஷ் என்கிறார்கள்! இந்தச் சொல்லுக்கு உங்களுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

இவர்கள் கொல்லர்கள், கூடை பின்னுவோர், குதிரை வியாபாரிகள், செங்கல் அறுப்போர், இசைக் கலைஞர்கள், வயல் கூலிகள். இன்று ருமேனியா என்று சொல்லப்படும் நாட்டில் நூற்றாண்டுக் கணக்கில் அரசருக்கும் நிலப்பிரபுவுக்கும் மடாலயத்துக்கும் அடிமைகளாகக் கிடந்தார்கள், சந்தையில் விற்கப்பட்டார்கள். மால்டேவியாவில் 1855-லும் வலாக்கியாவில் 1856-லுந்தான் இந்த அடிமைத்தனம் ஒழிந்தது. ஒழித்தபோது ஈட்டுத் தொகை பெற்றவர்கள் அடிமைகள் அல்ல, எஜமானர்கள்!

போலீஸ்காரனின் காமிரா

1899-ல் ஜெர்மனியின் ம்யூனிக் நகரப் போலீஸ் ஜிப்ஸிகளை உளவு பார்ப்பதற்கென்றே தனி இலாகா ஒன்றைத் திறந்தது. குற்றம் செய்தவனைத் தேடுவது அதன் வேலையல்ல. இந்த ஜாதியில் பிறந்தவர் அனைவரையும் பதிவு செய்வதே அதன் வேலை. 1912-ல் பிரெஞ்சு சர்க்கார் ஊர் ஊராகப் போவோருக்கென்று ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொருவரும் ஒரு புத்தகத்தைச் சுமந்து திரிய வேண்டும். அதில் நேர்முகமாக ஒரு போட்டோ, பக்கவாட்டில் ஒரு போட்டோ, உடம்பின் அளவுகள், விரல் ரேகை. ஊருக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் முத்திரை வாங்க வேண்டும்.

விரல் ரேகை என்றதும் உங்களில் மதுரைப் பக்கத்துத் தோழர்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். ஆம், இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். கைரேகையைக் கொண்டு ஆட்களை அடையாளம் காணும் முறையை வெள்ளைக்கார சர்க்கார் முதலில் வங்காளத்தில்தான் வளர்த்தது. 1897-ல் கல்கத்தாவில் அதற்கென ஆபீஸ் திறந்தது. 1901-ல் லண்டன் போலீஸ் அதை எடுத்துக்கொண்டது. அந்த முறைதான் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பெயரால் நம் ஜனங்களின் கட்டை விரலைப் பிடித்தது. 1920 ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. பிறந்த குலத்தையே குற்றமாக்கும் சட்டம் எப்படியிருக்கும் என்பது நமக்குத் தெரியாத சங்கதியல்ல.

ஹிட்லர் ஆட்சியில் இந்தக் காமிரா கொலைக் கருவியாயிற்று. 1936-ல் பெர்லினில் இன ஆராய்ச்சி நிலையம் என்று ஒன்றை நிறுவினார்கள். அதன் தலைவன் ராபர்ட் ரிட்டர் என்ற டாக்டர். அவனும் அவன் ஆட்களும் முகாம் முகாமாகச் சென்று ரோமா, ஸிண்டி மக்களின் மூக்கை அளந்தார்கள், கண்ணின் நிறத்தைக் குறித்தார்கள், போட்டோ எடுத்தார்கள். 1944-க்குள் இவன் ரத்தம் கலப்பு, இவள் ரத்தம் கலப்பு என்று சுமார் 24,000 அபிப்பிராயப் பத்திரங்கள் எழுதிக் குவித்தார்கள். அந்தக் காகிதங்கள்தான் பலருக்கு ஆஷ்விட்ஸ் முகாமுக்குப் போகும் வழிச்சீட்டாயின.

ரிட்டரின் உதவியாளர் ஈவா யூஸ்டின் என்ற பெண். அவள் ரோமா பாஷை பேசுவாள். குழந்தைகளோடு விளையாடுவாள். ஒரு கத்தோலிக்க அனாதை விடுதியில் இருந்த ஸிண்டிக் குழந்தைகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினாள். ஆராய்ச்சி முடிந்தது. 1944 மே மாதத்தில் சுமார் 40 குழந்தைகளை அந்த விடுதியிலிருந்து ஆஷ்விட்ஸுக்கு ஏற்றி அனுப்பினார்கள். பிழைத்தவர்கள் நான்கே பேர்.

ஆஷ்விட்ஸில் இந்த மக்களுக்கென்றிருந்த பகுதிக்குச் சுமார் 23,000 பேர் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் சுமார் 21,000 பேர் மாண்டார்கள். 1944 ஆகஸ்ட் 2-ந் தேதி இரவில், மிஞ்சியிருந்த சுமார் 4,300 பேரை, கிழவர்களையும் தாய்மாரையும் குழந்தைகளையும், விஷவாயுக் கிடங்குகளுக்கு ஓட்டிச் சென்றார்கள். ஐரோப்பா முழுவதிலும் மாண்டவர் 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

உன்குவின் முகம்

இந்த இருட்டிலும் வேறொரு காமிரா இருந்தது. அதைச் சொல்வதற்கு முன் ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் பெயர் எர்னா லவுன்பர்கர். வீட்டில் உன்கு என்று அழைப்பார்கள். 1920-ல் பெர்லினில் பிறந்த ஸிண்டிப் பெண். அந்த நகரில் அலெக்ஸ் வெடிங் என்ற புனைபெயரில் எழுதிய பெண் எழுத்தாளர் ஒருவர் இருந்தார். ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவர். பெர்லினின் இரண்டு வட்டாரங்களின் பெயரைச் சேர்த்துத் தமக்குப் பெயராக்கிக் கொண்டவர். அவர் உன்குவோடும் அவள் சுற்றத்தாரோடும் பழகி, 1931-ல் குழந்தைகளுக்கு ஒரு நாவல் எழுதினார். ஒரு தொழிலாளியின் மகனும் உன்குவும் சிநேகிதர்களாவதுதான் கதை. தகப்பனாருக்கு வேலை போய்விட்ட வீட்டுப் பையன், ஜிப்ஸி என்றால் திருடன் என்று பெரியவர்கள் சொல்லிவைத்த பொய்யைத் தன் கண்ணால் பார்த்து உதறுகிறான். அந்தப் புத்தகத்தில் நிஜமான உன்குவின் புகைப்படமும் அச்சாகியிருந்தது. நாஜிகள் 1933-ல் அதை நெருப்பில் போட்டார்கள்.

பின்னர் உன்குவின் குடும்பம் டெஸாவ் நகரப் பக்கம் வந்து சேர்ந்தது. அங்கே ஹான்ஸ் வெல்ட்செல் என்பவர் இருந்தார். ரோமா அல்லாதவர். ஆனால் அவர்கள் பாஷையைக் கற்று, வண்டியடியில் கூட உட்கார்ந்து பேசிப் பழகியவர். 1930-களில் அவர் அந்த மக்களைப் படம் பிடித்தார். மூக்கை அளக்கும் கோல் இல்லை. நம்பர்ப் பலகை இல்லை. வண்டிக்கு முன்னால் குடும்பம் நிற்கிறது. குதிரை நிற்கிறது. இளம் பெண்ணாகிவிட்ட உன்கு காமிராவை நேரே பார்க்கிறாள்.

1938-ல் டெஸாவிலிருந்த ஸிண்டி மக்களை மாக்டபர்க் நகர முகாமுக்கு விரட்டினார்கள். 1943 மார்ச்சில் அங்கிருந்து ஆஷ்விட்ஸுக்கு ஏற்றினார்கள். உன்கு திரும்பவில்லை. அவள் குழந்தைகளும் திரும்பவில்லை. கதையில் வரும் ஸிண்டிக் குழந்தைகள் அநேகமாக எல்லோருமே கொல்லப்பட்டார்கள்.

வெல்ட்செல் எடுத்த படங்கள் இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் காக்கப்பட்டு வந்தன. சமீப ஆண்டுகளில் அங்குள்ள சரித்திர ஆராய்ச்சியாளரும், டெஸாவ் நகரத்து இளைஞர் மையமும் சேர்ந்து அவற்றைக் கண்காட்சியாக்கினார்கள். புகைப்படங்களை மறந்துவிடாதே, அது மிகவும் முக்கியம் என்பதுதான் அந்தக் கண்காட்சியின் பெயர். அந்தப் படங்களில் உள்ளவர்களுக்குப் பெயர் உண்டு. தகப்பன் பெயர் உண்டு. செய்த தொழில் உண்டு. பிணக் குவியலாக மட்டுமே உலகம் அறிந்த மக்கள், வாழ்ந்த மனிதர்களாக அங்கே நிற்கிறார்கள்.

பெயரில்லாத முகம்

பெயர் ஏன் முக்கியம் என்று கேட்பீர்கள். ஹாலந்து தேசத்தில் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து 1944 மே 19-ந் தேதி ஒரு ரயில் ஆஷ்விட்ஸுக்குப் புறப்பட்டது. சரக்கு வண்டியின் கதவிடுக்கிலிருந்து, தலையில் துணி கட்டிய ஒரு சிறுமி வெளியே எட்டிப் பார்க்கிறாள். முகாம் அதிகாரியின் உத்தரவில் எடுக்கப்பட்ட சினிமாச் சுருளில் சில விநாடி மட்டுமே வரும் காட்சி இது. யுத்தத்துக்குப் பின் அந்த முகம் உலகமெங்கும் அச்சாயிற்று. யூதச் சிறுமி என்றே எல்லோரும் நம்பினார்கள். ஐம்பது வருஷம் கழித்து, 1994-ல், ஒரு டச்சுப் பத்திரிகையாளர் தேடிக் கண்டுபிடித்தார். அவள் ஸெட்டெலா ஸ்டைன்பாக். 9 வயது ஸிண்டிச் சிறுமி. உலகமே அறிந்த முகத்துக்குச் சொந்தமான மக்களை உலகம் மறந்தே போயிருந்தது!

அதே ரயிலில் ஏற்றுவதற்காக வேறொரு சிறுவனையும் கொண்டுவந்தார்கள். ஸோனி வைஸ் என்ற 7 வயதுப் பையன். ஸ்டேஷனில் காவலுக்கு நின்ற டச்சுப் போலீஸ்காரர் ஒருவர், நான் தொப்பியைக் கழற்றும்போது ஓடிவிடுங்கள் என்று ரகசியமாகச் சொன்னார். தொப்பி கழன்றது. பையன் எதிர்ப்புறம் கிளம்பிக்கொண்டிருந்த வேறு ரயிலில் தாவி ஏறினான். தாயும் தகப்பனும் உடன்பிறந்தாரும் முதல் ரயிலில் போய்விட்டார்கள். அந்தப் பையன் பெரியவனாகி, 2011 ஜனவரி 27-ந் தேதி ஜெர்மன் பார்லிமெண்டில் நின்று இந்தச் சரித்திரத்தைச் சொன்னார்.

போட்டோக்களுக்காக ஒரு போராட்டம்

யுத்தம் முடிந்தது. கொலைகாரர்கள் தண்டிக்கப்பட்டார்களா? இல்லை, தோழர்களே. ரிட்டரும் யூஸ்டினும் பிராங்பர்ட் நகர சுகாதார இலாகாவில் உத்தியோகம் பார்த்தார்கள். ம்யூனிக் போலீஸ் பழைய பதிவேடுகளைத் தூசி தட்டி எடுத்து, புதுப் பெயர்ப் பலகையின் கீழ் அதே வேலையைத் தொடர்ந்தது. 1956-ல் மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், 1943-க்கு முன் இவர்களுக்கு நடந்தது இனக் கொடுமையல்ல, வெறும் போலீஸ் நடவடிக்கைதான் என்று தீர்ப்புச் சொல்லி நஷ்ட ஈட்டை மறுத்தது. ரிட்டர் கும்பல் எடுத்த போட்டோக்களும் அளவுகளும் ஆராய்ச்சிக்கென்று பேராசிரியர்கள் கைக்கு மாறின.

தங்கள் தாயின் முகத்தை, தாத்தாவின் கைரேகையைக் கொலைகாரனின் வாரிசுகள் அலமாரியில் பூட்டி வைத்திருப்பதை எத்தனை நாள் பொறுப்பது? 1980 ஏப்ரலில், ஈஸ்டர் சமயத்தில், ஸிண்டி மக்கள் சிலர் டாஹாவ் சித்ரவதை முகாம் நின்ற இடத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். முகாமில் வதைபட்டு மீண்ட முதியவர்கள் அவர்களில் இருந்தார்கள். பதிவேடுகள் என்னவாயின என்று சொல், குற்றத்தை ஒப்புக்கொள் என்பது கோரிக்கை. ஸிண்டி அல்லாத ஒரு ஜெர்மன் பெண், சமூக ஊழியர், அவர்களோடு பட்டினி கிடந்தார். 1981 செப்டம்பரில் ஸிண்டி மக்கள் டூபிங்கன் பல்கலைக்கழகத்துக்குள் புகுந்து ஆவணக் காப்பறையை ஆக்கிரமித்தார்கள். அங்கிருந்த இன ஆராய்ச்சிக் கட்டுகள் அன்றே மத்திய ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1982 மார்ச்சில், நடந்தது இனப்படுகொலையே என்று ஜெர்மன் பிரதமர் ஒப்புக்கொண்டார்.

யாரும் தானமாகக் கொடுக்கவில்லை, தோழர்களே! உண்ணாவிரதமும் ஆக்கிரமிப்பும் செய்து வாங்கினார்கள்.

அந்தப் போராட்டத்தின் பலனாக 1997-ல் ஹைடல்பர்க் நகரில் ஒரு கண்காட்சி திறந்தார்கள். ஒரு பக்கம் நாஜி அரசின் உத்தரவுகள், பதிவுச் சீட்டுகள். அவற்றுக்கு எதிரே குடும்பங்கள் ஒளித்துப் பாதுகாத்துக் கொடுத்த போட்டோக்கள். கல்யாணக் கோலத்தில் தம்பதிகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பிடிலோடு நிற்கும் வாத்தியக்காரர், முதல் உலக யுத்தத்தில் ஜெர்மன் ராணுவ உடுப்பணிந்த வாலிபர். 2001-ல் ஆஷ்விட்ஸிலேயே ஒரு கட்டடத்தில் இத்தகைய கண்காட்சி நிரந்தரமாக வைக்கப்பட்டது.

இன்றைய சுவர்களும் சுவரில் மாட்டிய படங்களும்

இந்த நூற்றாண்டில் சாட் எவன்ஸ் வயட் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் செக் நாட்டில் தொடங்கி, மத்திய ஐரோப்பாவின் பல தேசங்களில் ரோமா மக்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். எழும் ரோமா என்று பொருள்படும் பெயரில் அவை கண்காட்சிகளாயின. டாக்டர், ஆசிரியை, நர்ஸ் என்று பெயரோடும் தொழிலோடும் நிற்கும் முகங்கள். குப்பை மேட்டில் அழுக்குக் குழந்தை என்று ஒரே படத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நல்ல அடி.

ஆனால் ஒரு கேள்வியையும் எழுப்ப வேண்டும். டாக்டரானால்தான் மரியாதையா? பழைய இரும்பு பொறுக்குகிறவருக்கும் ரோடு போடுகிறவருக்கும் முகம் இல்லையா? படித்து உயர்ந்தவரைக் காட்டி, பார், இவர்களும் நம்மைப் போல ஆகலாம் என்று சொல்வதோடு நின்றால், ஆகாதவன் குற்றவாளி என்ற பழைய கதைக்கே அது வழிவிடும். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் செக் நாட்டின் ஆஸ்ட்ரவா நகரத்து உருக்காலைகளிலும் கட்டட வேலைகளிலும் பாடுபட்ட ஆயிரக் கணக்கான ரோமா தொழிலாளர்கள் இருந்தார்கள். 1989-க்குப் பின் ஆலைகள் ஆட்குறைப்பு செய்தபோது முதலில் வெளியே தள்ளப்பட்டவர்களும் அவர்களே. அவர்கள் முகமும் அதே அளவுச் சட்டத்தில், அதே வெளிச்சத்தில் மாட்டப்பட வேண்டும்.

மண்டபத்துச் சுவரில் படம் தொங்குகிறது. தெருவில் என்ன நடக்கிறது? 1999 அக்டோபரில் செக் நாட்டின் ஊஸ்டி நகரில் ரோமா குடியிருப்புக்கு எதிரே ஒரு சுவர் எழுப்பினார்கள். அந்தச் சுவரின் அர்த்தத்தை உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டுமா? உலகமெங்கும் கண்டனம் எழுந்ததால் ஆறே வாரத்தில் இடித்தார்கள். ஆஸ்ட்ரவாவில் ரோமா பிள்ளைகளை மந்த புத்தி உள்ளவர்களுக்கான பள்ளிகளில் தள்ளினார்கள். 18 பிள்ளைகள் தொடுத்த வழக்கில், இது பாரபட்சமே என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007-ல் தீர்ப்பளித்தது.

சோஷலிசத்தின் பெயரால் ஆண்ட செக்கோஸ்லோவாகிய அரசு செய்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது ரோமா மக்களுக்கு வேலை கொடுத்தது, வீடு கொடுத்தது, பள்ளியைத் திறந்தது. ஆனால் அவர்களைத் தனியொரு மக்களாக மதிக்கவில்லை. 1958-ல் நாடோடி வாழ்க்கையைச் சட்டம் போட்டுத் தடுத்தது. 1970-களில், நாஜிக் காலத்தில் 300-க்கு மேற்பட்ட ரோமா மக்கள் மாண்ட லெட்டி முகாம் இருந்த இடத்தில் பன்றிப் பண்ணை கட்டியது. ரோமா பெண்களுக்குப் பணம் காட்டியும் மிரட்டியும் கருத்தடை ஆபரேஷன் செய்வித்தது. அந்த ஆட்சி போன பின்னும் ஆஸ்பத்திரிகள் இதை நிறுத்தவில்லை. பாதிக்கப்பட்ட பெண்கள் எலெனா கொரொலோவா போன்றோர் தலைமையில் பல வருஷம் போராடி, 2021-ல் நஷ்ட ஈட்டுச் சட்டம் பெற்றார்கள். பன்றிப் பண்ணை இடிக்கப்பட்டு 2024-ல் லெட்டியில் நினைவகம் திறந்தது. எந்தக் கொடி பறந்தாலும், ஒரு மக்களைக் கேட்காமல் அவர்களுக்கு நன்மை செய்கிறேன் என்று கிளம்புவது கடைசியில் கொடுமையில்தான் முடியும்.

ஆதரவாளர் என்பவர் யார்?

ரோமா மக்களோடு சேர்ந்து நின்ற பிறருடைய படங்களையும் இத்தகைய கண்காட்சிகளில் வைக்கும் வழக்கம் உண்டு. அது சரியா? யாருடைய படத்தை வைப்பது? ஈவா யூஸ்டினுக்கும் அவர்கள் பாஷை தெரியும். பாஷை தெரிவதும், இனிக்க இனிக்கப் பேசுவதும் போதாது. அந்த அறிவை யாருக்காகப் பயன்படுத்தினார் என்பதே உரைகல்.

மிலேனா ஹூப்ஷ்மனோவா என்ற செக் அம்மையாரைப் பாருங்கள். ஹிந்தியும் உருதுவும் வங்காளியும் படித்தவர். ரோமா பேச்சைக் கேட்டதும், இது நான் படித்த பாஷைகளின் சகோதரியாயிற்றே என்று கண்டுகொண்டார். ஆயுள் முழுவதும் அதற்கே உழைத்தார். ரோமா மக்களையே எழுதத் தூண்டினார். 1991-ல் பிராகா பல்கலைக்கழகத்தில் ரோமா மொழிப் படிப்பைத் தொடங்கினார்.

நம் தேசத்தவர் ஒருவரும் உண்டு. வீர் ராஜேந்திர ரிஷி. இந்திய வெளிநாட்டு இலாகாவில் இருந்தவர். 1971 ஏப்ரல் 8-ந் தேதி லண்டன் அருகில் முதல் உலக ரோமா மாநாடு கூடியது. ஜிப்ஸி என்று எங்களை அழைக்காதீர், நாங்கள் ரோமா என்று அந்த மாநாடு முழங்கியது. அந்த நாளே சர்வதேச ரோமா தினமாயிற்று. நீலமும் பச்சையுமான அவர்கள் கொடியின் நடுவே 16 ஆரமுள்ள சிவப்புச் சக்கரம் சுழல்கிறது. அந்த மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து ஆதரவு சென்றது. ரிஷி பின்னர் சண்டிகாரில் ரோமா ஆராய்ச்சிக் கழகம் நிறுவினார்.

தொப்பியைக் கழற்றிய போலீஸ்காரர், உடன் பட்டினி கிடந்த சமூக ஊழியர், கதை எழுதிய அலெக்ஸ் வெடிங், பாஷையைப் போற்றிய ஹூப்ஷ்மனோவா – இவர்களெல்லாம் இரக்கப்பட்டுக் காசு வீசியவர்கள் அல்லர். ஆபத்திலும் உழைப்பிலும் பங்கு கொண்டவர்கள். அவர்கள் படத்தை மாட்டலாம். ஆனால் ரோமா மக்களின் படத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில். தலைக்கு மேலே அல்ல.

தோழர்களே, இதிலிருந்து நாம் கொண்டு போக வேண்டியது ஒன்று உண்டு. நம்மையும் பத்திரிகைக்காரர் படமெடுக்கிறார், சர்க்கார் படமெடுக்கிறது. வெள்ளத்தில் நிற்கும்போது எடுப்பார்கள். பொட்டலத்துக்குக் கை நீட்டும்போது எடுப்பார்கள். எங்கள் பெயரைப் போடு என்று கேளுங்கள். எதற்கு எடுக்கிறாய் என்று கேளுங்கள். உங்கள் சங்க ஆபீஸில், ஆலையில் உழைத்து ஓய்ந்த பெரியவர்களின், நடவு நட்டுக் கூனிப்போன தாய்மாரின் படங்களைப் பெயரோடு மாட்டுங்கள். ரோமா மக்கள் செய்து காட்டிய வேலை இதுதான்: பிறந்த குலத்தைக் குற்றமாக்கிய பதிவேட்டிலிருந்து தங்கள் மனிதர்களை ஒவ்வொருவராக, பெயர் சொல்லி, வெளியே அழைத்து வந்தார்கள்.

ரோமா மக்களின் உரிமைப் போர் வெல்க!

உழைக்கும் மக்களின் சர்வதேச ஒற்றுமை ஓங்குக!